மீதி இரண்டு ரூபாய்

"உங்களுக்குப் பதினெட்டு வயசுல என்ன சார் தெரிஞ்சிருந்துச்சு?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவனுக்குச் சரியாகப் பதினெட்டு வயது. கேட்ட இடம், மீமிசல் கடைத்தெருவில் ஒரு டீக்கடை. நேரம், மே மாதத்து மத்தியானம் மூன்று மணி.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது மீமிசல். பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் நடுவில் கடந்துவிடுகிற ஊர். காலையில் ஆவுடையார்கோயில் பார்த்துவிட்டு, தொண்டி பக்கம் போகிற பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். பஸ் வருவதாக இல்லை. பக்கத்து பெஞ்சில் ஒரு பையன், கையில் ப்ளாஸ்டிக் கவர். கவருக்குள் மார்க் ஷீட்டும் ஆதார் கார்டு ஜெராக்ஸும் நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும். இந்த மூன்றையும் ஒன்றாக யாராவது வைத்திருந்தால், அவர்கள் வாழ்க்கையில் ஏதோ ஒரு முடிவு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பேச்சுக் கொடுத்தேன். ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா வீட்டில் இருக்கிறார். அப்பா வீட்டில் இருந்தால் எல்லா விஷயமும் பேசப்படும். இவன் விஷயமும் பேசப்பட்டுவிட்டது.

"கடல் என்னோட முடியட்டும்னு அப்பா சொல்றாரு சார். ஒரு தடவை எல்லையைத் தாண்டிட்டாங்கன்னு பிடிபட்டு, அக்கரையில ஜெயில்ல இருந்துட்டு வந்தவரு. மாமா குவைத்துல இருக்காரு. ஒரு குடோன்ல ஹெல்பர் விசா இருக்காம். ஏஜென்ட்டு ஒண்ணே கால் லட்சம் கேக்குறாரு. அம்மா நகையை வெச்சுக் கட்டலாம்ங்குறாங்க. ஸ்கூல்ல சார், அறந்தாங்கியில பி.காம். சேருடாங்குறாரு."

"நீ என்ன சொல்றே?"

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தான். "எனக்கு என்ன வேணும்னே தெரியல சார். அதைச் சொன்னா வீட்ல திட்டுறாங்க. 'இவ்வளவு பெரிய பையனுக்கு இதுகூடவா தெரியாது'ங்குறாங்க." அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

எனக்குப் பதினெட்டு வயதில் என்ன தெரிந்திருந்தது? உண்மையைச் சொன்னால், ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் எந்தப் பாடம் என்று கேட்டிருந்த கட்டத்தில், முன்னால் க்யூவில் நின்ற நண்பன் எழுதியதைப் பார்த்து நானும் எழுதினேன். அவன் பேனாவை வாங்கித்தான் எழுதினேன். அந்த ஒரு வரி என்னை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தது. நண்பன் இரண்டு வாரத்தில் வேறு பாடத்துக்கு மாறிவிட்டான். நான் மாறவில்லை.

நீங்கள் எப்படி? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். என்ன படிப்பது, எந்த ஊருக்குப் போவது, சில வீடுகளில் யாரைக் கட்டிக்கொள்வது என்று வாழ்க்கையின் கனமான முடிவுகள் எல்லாம் நமக்கு அனுபவமே இல்லாத வயதில்தான் வந்து நிற்கின்றன. அனுபவம் வந்து உட்காரும்போது முடிவெடுக்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை, ஃப்ரிட்ஜ் எந்த கம்பெனியில் வாங்குவது என்பதைத் தவிர. இந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறதா, இல்லை இதற்குள் ஏதாவது நியாயம் இருக்கிறதா?

முதலில், பெரியவன் என்பது யார்?

நம் சட்டத்துக்கு 18. ஆனால் ஓட்டுப் போட 1989 வரை 21 ஆகியிருக்க வேண்டும். ஜப்பானில் 2022 ஏப்ரல் வரை 20 வயதானவன்தான் பெரியவன். அதன் பிறகு அங்கேயும் 18. ஒரே இரவில் லட்சக்கணக்கான ஜப்பானியப் பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். யூதர்கள் 13 வயதுப் பையனை வேதம் வாசிக்க வைத்து, இனி உன் செயலுக்கு நீயே பொறுப்பு என்கிறார்கள். நம் ஊரில் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று பந்தல் போட்டு, மைக் கட்டி, ஊருக்கே சொல்கிறோம். சொல்லிவிட்டு, அன்றைக்கே அவளுடைய முடிவுகளை எல்லாம் நாம் எடுத்துக்கொள்கிறோம். பையனுக்கு அந்தப் பந்தலும் இல்லை. மீசை முளைத்த ஒரு நாள், "தடிமாடு மாதிரி வளர்ந்திருக்கியே" என்று யாராவது சொல்வார்கள். அதுதான் அறிவிப்பு.

ஆக, வயது என்பது ஊரும் சட்டமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். உள்ளுக்குள் ஒருவன் எப்போது பெரியவனாகிறான் என்பது வேறு கதை.

அந்தக் கதையை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் எரிக் எரிக்ஸன். 'அடையாளச் சிக்கல்' என்று இன்றைக்கு எல்லோரும் பேசுகிறோமே, அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். ஏன் அவருக்கு இதில் இவ்வளவு அக்கறை என்றால், அவருக்கே தான் யார் என்று தெரியாது. 1902-ல் ஜெர்மனியில் பிறந்தார். பெற்ற தகப்பன் யார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. வளர்ப்புத் தந்தை ஒரு யூத டாக்டர். பள்ளிக்கூடத்தில் யூதன் என்று கேலி; யூதக் கோயிலில் பொன்னிற முடியைப் பார்த்து, நீ நம்மாளே இல்லை என்று கேலி. பள்ளி முடித்ததும் கல்லூரிக்குப் போகவில்லை. படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் சில வருடம் சும்மா சுற்றினார். 25 வயதில் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. அங்கே ஃப்ராய்டின் மகள் அன்னாவிடம் பாடம் படித்தார். 1939-ல் அமெரிக்கக் குடிமகனானபோது 'எரிக்ஸன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக். தனக்குத் தானே தகப்பன்!

அப்படிச் சும்மா சுற்றுகிற காலம் தண்டம் இல்லை என்றார் எரிக்ஸன். கடன்காரன் தவணை கொடுக்கிற மாதிரி, சமூகம் இளைஞனுக்குக் கொஞ்ச காலம் தவணை தர வேண்டும். பல வேஷம் போட்டுப் பார்த்து, எது தன் முகம் என்று அவன் கண்டுபிடிக்கட்டும் என்றார். 1966-ல் ஜேம்ஸ் மார்சியா என்பவர் இதை நான்காகப் பிரித்தார். தேடிப் பார்த்து முடிவுக்கு வந்தவர்கள். இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். தேடவும் இல்லாமல் முடிவும் இல்லாமல் மிதப்பவர்கள். நாலாவது ரகம், தேடாமலே, அப்பா அம்மா சொன்னதை அப்படியே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள்.

இந்த நாலாவது ரகத்தைப் புத்தகங்கள் அவ்வளவு மரியாதையாக நடத்துவதில்லை. முழுசாக வளராதவர்கள் என்று ஒரு முகச்சுளிப்பு. எனக்கு இங்கேதான் கொஞ்சம் இடிக்கிறது. தவணை என்பது வசதி இருக்கிற இடத்துச் சரக்கு. பையன் இரண்டு வருஷம் ஊர் சுற்றினாலும் அடுப்பு எரிகிற வீட்டில் அது நடக்கும். மீமிசலில் அப்பாவுக்கு வருஷத்தில் 61 நாள் வேலையே இல்லை. அவர் மகனைப் பார்த்து, "போய் உன்னைத் தேடு" என்று சொன்னால், அவன் முதலில் தேட வேண்டியது அரிசியை. இந்தக் கரையோரத்தில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பாத தெரு குறைவு. போனவர்கள் எல்லாம் தன்னைத் தேடிப் பார்த்துவிட்டா போனார்கள்? குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது என்று போனார்கள். அதிலேயே பலர் தாங்கள் யார் என்றும் கண்டுகொண்டார்கள். அவர்களை முழுசாக வளராதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, பதினெட்டில் விவேகம் வருமா? அதற்கும் ஒரு ஆராய்ச்சி உண்டு. பெர்லினில் பால் பால்ட்டஸ் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும், விவேகத்தை அளக்க முடியுமா என்று பார்த்தார்கள். கணக்குக் கேட்கவில்லை, பொது அறிவு கேட்கவில்லை. வாழ்க்கைச் சிக்கல் ஒன்றைக் கொடுத்தார்கள். "பதினைந்து வயதுப் பெண் உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். என்ன யோசிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்?"

"கூடவே கூடாது, சின்னப் பெண்" என்று ஒரே வரியில் முடித்தவர்களுக்கு மார்க் குறைவு. பதில் தப்பு என்பதால் அல்ல, அந்தப் பெண்ணை அவர்கள் பார்க்கவே இல்லை என்பதால். அவள் எங்கே இருக்கிறாள், ஏன் கேட்கிறாள், தீராத வியாதியா, ஆதரவு இல்லாதவளா என்று யோசித்தவர்களுக்கு மார்க் அதிகம். இப்படிப் பலரைச் சோதித்ததில் தெரிந்த விஷயம் இதுதான். இந்த விவேகம் பதினாலு, பதினைந்து வயதிலிருந்து இருபத்தைந்து வரைக்கும் கிடுகிடுவென்று ஏறுகிறது. அதன் பிறகு எழுபத்தைந்து வரைக்கும் சராசரியாகப் பார்த்தால் பெரிய ஏற்றம் இல்லை. தலை நரைத்தால் தானாக ஞானம் வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது கசப்பான செய்தி. பதினெட்டு என்பது ஏணியின் அடியும் இல்லை, உச்சியும் இல்லை. கால் வேகமாக ஏறிக்கொண்டிருக்கிற நடுப்படி.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோது டீக்கடைக்குப் பக்கத்தில் பணியாரச் சட்டியோடு உட்கார்ந்திருந்த ஆத்தா கண்ணில் பட்டார். அறுபதுக்கு மேல் இருக்கும். அந்தக் கேள்வியை அவரிடமே போட்டுப் பார்த்தேன். "ஆத்தா, பதினஞ்சு வயசுப் புள்ள ஒண்ணு இப்பவே கல்யாணம் பண்ணிவைங்கன்னு நிக்குது. என்ன செய்யலாம்?"

"எந்தூருப் புள்ள?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்."

"பேச்சுக்குன்னாலும் புள்ளை புள்ளைதானே? ஆத்தா அப்பன் இருக்காகளா? படிப்ப நிப்பாட்டிட்டாகளா? வீட்ல யாரும் அடிக்கிறாகளா, தொந்தரவு ஏதும் குடுக்குறாகளா?" பணியாரத்தைத் திருப்பிப் போட்டார். "இந்த வயசுல கல்யாணம் பண்ணினா போலீசு வந்துரும், அது வேற. ஆனா அந்தப் புள்ள கல்யாணத்தையா கேக்குது? வீட்டை விட்டுப் போகணும்னுல்ல கேக்குது. ஏன்னு மொத விசாரிங்க."

பெர்லின்காரர்கள் இருந்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்கள். ஆத்தா சொன்ன பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள். விவேகம் அங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில், அன்று காலையில் பார்த்த கோயிலுக்கு உங்களைக் கொஞ்சம் கூட்டிப் போகிறேன். ஆவுடையார்கோயிலின் பழைய பெயர் திருப்பெருந்துறை. எல்லோரும் கல்லில் கயிறு போலச் செதுக்கியிருக்கிற கொடுங்கையை அண்ணாந்து பார்ப்பார்கள். கருவறைக்குள் எட்டிப் பார்த்தால் லிங்கம் இருக்காது. வெறும் ஆவுடையார், அதாவது பீடம் மட்டும். சாமியின் பெயர் ஆத்மநாதர். ஆத்மாவுக்கு உருவம் ஏது என்று அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். பீடம் தயாராக இருக்கிறது. மேலே இருக்க வேண்டிய உருவம் கண்ணுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வயதும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. பக்கத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் அந்தக் காலி இடத்தைப் பார்த்தால் கை பரபரக்கிறது. தன் இஷ்டத்துக்கு ஒரு பொம்மையைத் தூக்கி வைத்துவிடத் தோன்றுகிறது.

அந்தக் கோயிலின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாண்டிய மன்னனின் இளம் அமைச்சர் திருவாதவூரர், கிழக்குக் கடற்கரையில் வந்திறங்கிய குதிரைகளை வாங்க அரசாங்கப் பணத்தோடு வருகிறார். திருப்பெருந்துறையில் ஒரு குருந்த மரத்தடியில் குருவைப் பார்க்கிறார். அமைச்சர் காணாமல் போய், மாணிக்கவாசகர் பிறக்கிறார். குதிரைப் பணம் கோயிலாகிறது. 'நான் யார்' என்று கண்டுகொள்கிற கதைகளில் இது உச்சம். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. பணம் அவருடையது இல்லையே! மன்னன் கணக்குக் கேட்கிறான். சுடுமணலில் நிற்க வைக்கிறான். நரி பரியாகிறது, பரி மறுபடி நரியாகிறது, வைகை பெருகுகிறது. கடைசியில் பிட்டுக்கு மண் சுமக்க வந்த கூலியாள் மேல் பிரம்படி விழுகிறது. வந்தவன் ஆண்டவன். அந்த அடி உலகத்தில் எல்லோர் முதுகிலும் விழுந்தது என்கிறது திருவிளையாடல் கதை. பக்தர்கள் அதை வேறு விதமாகப் புரிந்துகொள்வார்கள். எனக்கு அது சொன்னது இது: ஒருவன் தன்னைக் கண்டுபிடிப்பதற்கான விலையை அவன் மட்டும் கொடுப்பதில்லை. அடி சுற்றியிருக்கிற எல்லோர் முதுகிலும் விழுகிறது.

இன்னொரு பையன். மதுரை, 1896. வயது பதினாறு. பெயர் வெங்கட்ராமன். சாவு பயம் ஒன்று திடீரென்று பிடித்து உலுக்க, சாவது உடம்பா நானா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். பிற்பாடு ரமண மகரிஷி. அந்த ஆகஸ்ட் 29-ம் தேதி வீட்டை விட்டுக் கிளம்பினான். ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒரு பொய். "அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிவிடு" என்றார் அண்ணன். ரயிலுக்கு மூன்று ரூபாய் போதும் என்று பையன் கணக்குப் போட்டான். மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். உங்கள் ஃபீஸ் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று அதில் தகவல். 'நான்' என்று தொடங்கிய அந்தச் சீட்டு, பாதியில் 'இது' என்று மாறிவிடுகிறது. கடைசியில் கையெழுத்தே இல்லை, வெறும் கோடு.

'நான்' 'இது'வாக மாறியதைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். என்னை அசைத்தது அந்த மீதி இரண்டு ரூபாய். வீடு, படிப்பு, பெயர் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிற சூறாவளியில், "இந்த இரண்டு என்னுடையது இல்லை" என்று தோன்றியிருக்கிறது பாருங்கள். பதினாறு வயதில்!

மூன்றாவதும் ஒரு பையன். 1888-ல் லண்டனுக்குப் படிக்கப் போக நிற்கிறான். வயது பதினெட்டு, கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் பிறந்தாகிவிட்டது. கையில் காசில்லை. மனைவியின் நகையை விற்கலாமா என்றுகூட யோசிக்கிறான் (மீமிசலில் இன்றைக்கும் அதே யோசனைதான்!). கடைசியில் பணத்துக்கு அண்ணன் பொறுப்பேற்கிறார். கடல் தாண்டக் கூடாது என்று பம்பாயில் சாதிப் பஞ்சாயத்து தடுக்கிறது. போகத்தான் போகிறேன் என்கிறான். சாதியை விட்டுத் தள்ளுகிறார்கள். வழியனுப்பப் போகிறவர்களுக்கு ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்கிறார்கள். அசரவில்லை. ஆனால் அதே பையன், அம்மா கலங்கியபோது ஒரு ஜைனத் துறவியின் முன்னால் உட்கார்ந்து, மதுவையும் மாமிசத்தையும் மாதரையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்கிறான். செப்டம்பர் 4-ம் தேதி கப்பல் ஏறுகிறான். ஊருக்குப் பணியாத மோகன்தாஸ் காந்தி, அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிட்டுப் போனான். எரிக்ஸன் இந்தியாவுக்கு வந்து ஆராய்ந்து காந்தியைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதி, 1969-ல் வெளியிட்டதில் ஆச்சர்யம் இல்லை.

இந்த மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. 'நான் யார்?' என்ற கேள்விக்குப் பதினெட்டில் பதில் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது வாழ்நாள் கேள்வி. பலருக்கு எழுபதிலும் தெரிவதில்லை. ஆனால் 'என் முடிவுக்கு யார் யார் விலை கொடுக்கிறார்கள்?' என்ற கேள்விக்குப் பதினெட்டிலேயே பதில் தெரியும். கொஞ்சம் நின்று எண்ணினால் போதும். அந்த வயதுக்குச் சாத்தியமான விவேகம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எண்ணுவது எப்படி என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. சாலமோன் ராஜா ஊரார் வழக்குக்கெல்லாம் அற்புதமாகத் தீர்ப்புச் சொன்னவர், சொந்த வாழ்க்கையில் சறுக்கியவர். அவர் பெயரிலேயே 2014-ல் ஒரு ஆராய்ச்சி வந்தது. இகோர் கிராஸ்மன் என்பவரும் ஈத்தன் கிராஸ் என்பவரும் செய்தது. நண்பனின் சிக்கலைப் பற்றி யோசிக்கும்போது நாம் விவேகத்தோடு யோசிக்கிறோம்; அதே சிக்கல் நமக்கு வந்தால் தடுமாறுகிறோம். இதில் வயதானவர்களும் இளைஞர்களைவிட மேலாக இல்லை. நம் சிக்கலையே கொஞ்சம் தள்ளி நின்று, வேறு யாருடையதோ போலப் பார்த்தால் அந்தத் தடுமாற்றம் குறைகிறது. 'நான்' என்று தொடங்கி 'இது' என்று மாறிய சீட்டு உங்களுக்கு ஞாபகம் வருகிறதா?

பையனிடம் கேட்டேன். "தம்பி, உன் கிளாஸ்மேட் ஒருத்தன். அப்பா படகுல போறவர், மாமா குவைத்துல, அம்மா நகையை வைக்கப் போறாங்க. அவன் உன்கிட்ட வந்து என்னடா செய்யட்டும்னு கேக்குறான். என்ன சொல்வே?"

நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பதில் வந்தது.

"மொதல்ல நகையை வெக்காதடான்னு சொல்வேன் சார். அது அவன் தங்கச்சிக்கு. அவ பத்தாவது படிக்கிறா, நர்ஸிங் போகணும்ங்குறா." தங்கை யாருடைய தங்கை என்பதை நான் கேட்கவில்லை. "ரெண்டாவது, அந்த ஏஜென்ட்டு கவர்மென்ட்ல பதிஞ்சவரான்னு விசாரிக்கச் சொல்வேன். எங்க தெருவுல ஒருத்தரு ஏமாந்துருக்காரு. அப்புறம் மாமாகிட்ட, அப்பா இல்லாத நேரத்துல தனியாப் பேசச் சொல்வேன். போன்ல எல்லாரும் இருக்கறப்ப நல்லதை மட்டும்தான் சொல்லுவாரு. நெசமாலுமே அங்க எப்படி இருக்குன்னு கேக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அப்பாகிட்ட ஒரு வருஷம் டைம் கேளுன்னு சொல்வேன் சார். சும்மா இல்ல. காலேஜுக்குப் போய்ட்டு, லீவு நாள்ல ஏதாவது வேலை பார்த்துத் தர்றேன்னு சொல்லிக் கேக்கணும். ஒரு வருஷம் கழிச்சும் அந்த விசா மாதிரி ஒரு விசா வரும்ல? ஆனா பதினெட்டு வயசு வராதுல்ல?"

டீ ஆறிப்போய்விட்டது. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று சொன்ன பையன் இவன். எல்லாம் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. 'நான்' என்ற சொல் வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் நான் அரைகுறையாகப் பேசியவனாவேன். 'உன் முடிவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்' என்பதை நம் வீடுகள் ஒரு விலங்காகவும் பயன்படுத்தும். முக்கியமாகப் பெண் பிள்ளைகளிடம். குடும்ப கௌரவம், தம்பி படிப்பு, அப்பா பிபி என்று அவளையே எண்ணிக்கொண்டிருக்கச் சொல்வார்கள். அவள் கொடுக்கிற விலையை யாரும் எண்ணுவதில்லை. கணக்கு இரண்டு பக்கமும் எழுதப்பட வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஐந்து ரூபாயையும் எடுத்துக்கொண்டது பெரியவர்கள் பக்கம்தான்.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, 1991-லும் அடுத்த வருடமும், ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றதோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஊர் முதலில் சிரித்தது, கேலி பேசியது. பிறகு குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அவர்கள் போவதைப் பார்த்துப் பழகிக்கொண்டது. பணியார ஆத்தாவிடம் விசாரித்தேன். "நானும் ஓட்டுனேன்ல" என்றார். "எங்க வீட்டுக்காரரு ஒரு வாரம் பேசல. எட்டாம் நாளு, பம்புசெட்டுக்குச் சாப்பாடு எடுத்துட்டு சைக்கிள்லயே வான்னாரு." வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் பிடித்தது. சிலருக்கு ஒரு தலைமுறை பிடிக்கும். ஒருவருடைய அடையாளம் மாறும்போது, பக்கத்தில் இருப்பவருடைய அடையாளமும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தைத்தான் நாம் 'இந்தக் காலத்துப் பசங்க சரியில்லை' என்று மொழிபெயர்க்கிறோம்.

2012-ல் வந்த இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களுக்குள் வருகிற சச்சரவுகளை யோசித்துத் தீர்க்கும் விவேகத்தை ஜப்பானியர்களிடமும் அமெரிக்கர்களிடமும் அளந்தார்கள். அமெரிக்கர்களுக்கு அது வயதோடு கூடிக்கொண்டே போனது. ஜப்பானியர்களிடம் இளம் வயதிலேயே அது அதிகமாக இருந்தது. நாலு பேரோடு அனுசரித்து வாழ்கிற பழக்கம் சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிடுகிறது போலும். எரிக்ஸனின் தவணை ஒரு வழி என்றால், இது வேறொரு வழி. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டாவது வழி பழக்கமானது. முதல் வழியில் கொஞ்சமாவது, ஒரே ஒரு வருஷமாவது, கேட்டால் தருகிற பெரியவர்கள்தான் அவர்களுக்குக் குறைவு.

உங்கள் வீட்டிலும் ஒரு பதினெட்டு இருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். 'என்ன ஆகப்போறே?' என்ற கேள்வியை இன்று ஒரு நாள் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் அதனிடம் இல்லை. "உன் ஃப்ரெண்டுக்கு இப்படி ஒரு குழப்பம்னா நீ என்ன சொல்வே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள். பிள்ளைக்காக நீங்கள் போட்டு வைத்திருக்கிற திட்டத்தில் மூன்று ரூபாயை உங்கள் ஆசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. பெற்றவர்களுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன? மீதி இரண்டு ரூபாயை அவன் கையில், அவள் கையில் வைத்துவிடுங்கள்.

நீங்களே அந்தப் பதினெட்டாக இருந்தால், உங்களுக்கும் அதே கணக்குதான்.

தொண்டி பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பையன் எழுந்து ப்ளாஸ்டிக் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ரோட்டைக் கடந்தான். ஏஜென்ட் ஆபீஸ் எந்தப் பக்கம், அவன் வீடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஆகவே அவன் எங்கே போனான் என்று உங்களுக்குச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். கடக்கும் முன்னால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தான்.